தக்கா-டயஸ்டேஸ்: மாவுச்சத்தை உடைக்க வந்த பூஞ்சை நொதியும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவையும்

செரிமானத்துக்கென்று மருந்துக் கடையில் விற்கும் சிரப்பின் லேபிளைப் படித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ‘ஃபங்கல் டயஸ்டேஸ் (1:800)’ என்ற வரி தெரிந்திருக்கும். சிலவற்றில் 1:1200 என்று இருக்கும். வரையறுத்த சோதனை நிலையில் ஒரு பங்கு நொதி தன் எடையைப் போல 800 மடங்கு, அல்லது 1,200 மடங்கு மாவுச்சத்தைச் செரிக்கும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். இந்த நொதியைத் தருவது ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சை. ஜப்பானில் சாக்கே என்னும் அரிசி மதுவுக்கும் சோயா சாஸுக்கும் மிசோ என்னும் சோயா விழுதுக்கும் அடிப்படையான கோஜிப் பூஞ்சை இதுவே.

இந்தப் பூஞ்சையின் நொதியைத் தூளாக்கி மருந்தாக விற்பதற்கு வழி செய்தவர் ஜோக்கிச்சி தக்காமினே. 1894இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே டெட்ராய்ட்டின் பார்க்-டேவிஸ் நிறுவனம் அதை ‘தக்கா-டயஸ்டேஸ்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று ரொட்டி, குளுக்கோஸ் சிரப், எரிபொருள் எத்தனால், உணவுப் பரிசோதனை எனப் பூஞ்சை அமைலேஸ்கள் போகாத இடமே குறைவு. மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளுக்கு இன்றைய பெயர் அமைலேஸ், பழைய பெயர் டயஸ்டேஸ். அந்தப் பயன்களை இங்கே சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவற்றைச் சொல்லும்போது பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. தக்கா-டயஸ்டேஸ் புட்டிக்குள் ஒரு நாளும் ஒரே ஒரு நொதி மட்டும் இருந்ததில்லை. பூஞ்சை வெளியே கசியவிடும் பல நொதிகள் அதில் கலந்திருந்தன. மாவுச்சத்தை உடைப்பது அவற்றில் சிலவற்றின் வேலை. மீதி நொதிகள் ஓர் ஆய்வகத்தில் நோபல் பரிசு வரை கொண்டுபோய் விட்டன, இன்னோர் ஆய்வகத்தில் கணக்கையே கெடுத்தன. இந்த நொதியின் கதையில் பாதி அந்த மீதியின் கதை.

மால்ட்டுக்குப் போட்டியாக

முளைவிட்ட பார்லியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஒரு பொருள் இருப்பதை 1833இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இருவர் காட்டினார்கள். பார்லிச் சாற்றில் ஆல்கஹாலை ஊற்றியபோது படிந்த பொருளுக்கு டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். மனிதர் பிரித்தெடுத்த முதல் நொதி அதுதான். ஈஸ்ட் மாவை நேரடியாகத் தின்னாது, மாவு முதலில் சர்க்கரையாக வேண்டும். ஐரோப்பாவின் பீரும் விஸ்கியும் அந்த வேலைக்கு முளைவிட்ட தானியத்தை, அதாவது மால்ட்டை, நம்பியிருந்தன. கிழக்காசியாவில் அதே வேலையைப் பூசணம் செய்தது. ஆவியில் வெந்த அரிசியில் கோஜி வித்துகளைத் தூவிக் கதகதப்பான அறையில் ஏறக்குறைய இரண்டு நாள் வைத்தால், அரிசி முழுக்க வெண்பூசணம் படர்ந்து இனிப்பு வாசம் வந்துவிடும்.

தக்காமினே 1854இல் தக்கவோக்காவில் பிறந்து கனசவாவில் வளர்ந்தவர். அம்மா வழிக் குடும்பம் சாக்கே வடிப்பவர்கள். டோக்கியோவில் வேதியியல் படித்து, கிளாஸ்கோவிலும் பயின்றவர். 1884இல் நியூ ஆர்லியன்ஸ் கண்காட்சிக்கு ஜப்பான் சார்பில் போன இடத்தில் கரோலின் ஹிட்ச் என்ற பெண்ணைச் சந்தித்து 1887இல் மணந்துகொண்டார். 1890இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கே போய்விட்டார். கையில் இருந்த யோசனை எளியது. தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி மால்ட் ஆக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கோஜிக்கு இரண்டு நாள் போதும். அதுவும் நல்ல அரிசியில் வளர்க்க வேண்டியதில்லை, மாவு ஆலையில் மலிவாகக் கிடைக்கும் கோதுமைத் தவிட்டில் வளர்த்தால் போதும். இல்லினாய் மாநிலத்தின் பியோரியா அப்போது அமெரிக்க விஸ்கித் தொழிலின் மையம். அங்கே கோஜி முறையில் விஸ்கி வடிக்க ஏற்பாடு நடந்தது. மால்ட் வியாபாரிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. 1891இல் ஆலை எரிந்துபோனது. மறுபடி எழுந்த முயற்சியும் விஸ்கிக் கூட்டமைப்பு கலைந்ததோடு நின்றுவிட்டது.

விஸ்கியில் தோற்ற முறையை அவர் மருந்துக்குத் திருப்பினார். தவிட்டில் பூஞ்சையை வளர்த்து, தண்ணீரில் ஊறவைத்துச் சாறு இறக்கி, அதில் ஆல்கஹால் சேர்த்தார். நொதிகள் வீழ்படிவாக இறங்கின. அதை உலர்த்திப் பொடியாக்கினால் தக்கா-டயஸ்டேஸ். நுண்ணுயிர் நொதி ஒன்றுக்கு அமெரிக்கா வழங்கிய முதல் காப்புரிமையாக இது பொதுவாகக் கருதப்படுகிறது. மருந்து நன்றாக விற்றது. அதை ஜப்பானில் இறக்கி விற்பதற்காக 1899இல் தொடங்கிய வணிகம்தான் பின்னர் சாங்க்யோ என்ற பெரிய மருந்து நிறுவனமானது. 1913இல் அதன் முதல் தலைவராகத் தக்காமினே வந்தார். 1901இல் தன் உதவியாளர் உயெனக்காவோடு சேர்ந்து அட்ரினலினைப் படிகமாகப் பிரித்தவரும் இவரே. 1912இல் வாஷிங்டனில் நடப்பட்ட செர்ரி மரங்களுக்குப் பணம் கொடுத்ததும் இவர்தான்.

தயாரிப்பு முறையை ஒருமுறை கவனியுங்கள். தண்ணீரில் கரையும் எல்லாம் சாற்றில் வரும். ஆல்கஹாலில் படியும் எல்லாம் பொடியில் வரும். மாவுச்சத்து நொதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் படி எதுவுமே இதில் கிடையாது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் இது.

மருந்தாக அது எவ்வளவு உதவியது என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். இந்த நொதி நன்றாக வேலை செய்வது பி.எச். 5 பக்கத்தில். இரைப்பையின் அமிலம் அதைவிடப் பல மடங்கு கடுமையானது. ஆகவே உணவுக் கவளத்துக்குள் அமிலம் ஊறி இறங்கும் வரை கிடைக்கும் இடைவெளியில்தான் அது ஏதாவது செய்ய முடியும். உடல்நலம் உள்ளவரின் எச்சிலும் கணையமும் சாப்பாட்டு மாவுச்சத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகவே அமைலேஸைச் சுரக்கின்றன. சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்ளும் ஒருவருக்கு மாவுச்சத்துச் செரிக்காததுதான் காரணம் என்று சொல்வதற்கு பெரும்பாலும் ஆதாரம் இருக்காது. கணையமே கெட்டுப்போனவர்களுக்கு வேண்டியது கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்துச் செரிக்கும் கணைய நொதி மருந்து. அதற்கு இந்த சிரப் மாற்று கிடையாது.

நடுவில் வெட்டுவதும் நுனியில் கொறிப்பதும்

மாவுச்சத்து முழுக்க முழுக்கக் குளுக்கோஸ்தான், கோர்க்கப்பட்ட விதம் இரண்டு. அமைலோஸ் நீண்ட சங்கிலி. ஆல்ஃபா-1,4 இணைப்புகளால் ஆனது. சாதாரண மாவில் அது ஏறக்குறைய கால் பங்கு. மீதி அமைலோபெக்டின், ஆல்ஃபா-1,6 இணைப்புகளால் மரம் போலக் கிளைவிட்டது.

கோஜியின் முக்கிய நொதி ஆல்ஃபா அமைலேஸ். ஆய்வாளர்கள் அதைத் தக்கா-அமைலேஸ் ஏ என்பார்கள். அது சங்கிலியின் நடுவில் கண்ட இடத்தில் ஆல்ஃபா-1,4 இணைப்பை வெட்டும். கெட்டிக் கஞ்சியில் ஒரு துளி விட்டால் சில நிமிடங்களில் கஞ்சி தண்ணீராகிவிடும், ஆனால் இனிப்பு அவ்வளவாக ஏறியிருக்காது. அயோடின் விட்டுப் பார்த்தால் கருநீலம் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் நிறமே வராமல் போகும். நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்கள் மண்ணிலிருந்து ஆஸ்பர்ஜில்லஸ் பிரித்து, ஸ்டார்ச் அகர் தட்டில் வளர்த்து, அயோடின் ஊற்றிக் காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் தேடுவது இதைத்தான்.

இன்னொரு நொதி குளுக்கோஅமைலேஸ். ஆய்வக விற்பனைப் பட்டியல்களில் அமைலோகுளுக்கோசிடேஸ் என்று இருக்கும். தொழிலுக்கு வேண்டியது பெரும்பாலும் கோஜியின் உறவான ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரிலிருந்து வருகிறது. இது சங்கிலியின் ஒரு நுனியில் தொடங்கி ஒவ்வொரு குளுக்கோஸாகக் கொறிக்கும். கிளை முளைக்கும் ஆல்ஃபா-1,6 இடத்தையும் வெட்டும், கொஞ்சம் மெதுவாக. முந்தையது இல்லாமல் இது தனியாக வேலை செய்தால் நாள்கணக்கில் ஆகும், ஏனென்றால் நுனிகள் குறைவு. ஆல்ஃபா அமைலேஸ் ஒவ்வொரு வெட்டிலும் புதிய நுனியை உண்டாக்கிக் கொடுக்கிறது. தொழிற்சாலையிலும் ஆய்வகத்திலும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவதற்கு இதுதான் காரணம்.

தக்கா-அமைலேஸ் 478 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். வடிவம் குலையாமல் இருக்க கால்சியம் வேண்டும். 1984இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர் மூலம் அதன் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார்கள். ஆல்ஃபா அமைலேஸ் குடும்பத்திலேயே முதலில் உருவம் தெரிந்தது இதற்குத்தான். நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸும் அடிப்படையில் அதே பீப்பாய் வடிவம்தான் என்பது பின்னால் தெரிந்தது.

ரொட்டியில் பலவீனமே பலம்

பூஞ்சை அமைலேஸ் சூட்டைத் தாங்காது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சீக்கிரமே செயலிழந்துவிடும். பல தொழில்களில் இது குறை. ரொட்டியில் இதுதான் அதன் சிறப்பு.

மழையில்லாமல் நன்றாகக் காய்ந்து அறுவடையான கோதுமையில், நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாக வெட்டும் பீட்டா அமைலேஸ் தாராளமாக இருக்கும், ஆல்ஃபா அமைலேஸ் மிகக் குறைவு. மைதா அரைக்கும்போது ஒரு பகுதி மாவுமணிகள் நசுங்கி உடைகின்றன. பிசைந்த மாவு ஊறும் நேரத்தில் அமைலேஸ் இந்த உடைந்த மணிகளைத்தான் தாக்க முடியும். வெளியாகும் மால்டோஸை, அதாவது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சர்க்கரையை, ஈஸ்ட் தின்று வாயு விடுகிறது, ரொட்டி உப்புகிறது. மிஞ்சும் சர்க்கரை அடுப்பில் மேலோட்டைப் பொன்னிறமாக்குகிறது. மாவில் ஆல்ஃபா அமைலேஸ் போதவில்லை என்றால் வெளுத்துப்போன, சின்ன ரொட்டிதான் வரும். அதற்காகப் பேக்கரிகளில் சேர்க்கும் ‘பிரெட் இம்ப்ரூவர்’ பொடிகளில் கோஜி அமைலேஸ் வழக்கமாக இருக்கும்; கிலோ மாவுக்கு மில்லிகிராம் கணக்கில்தான்.

இப்போது அடுப்புக்குள் நடப்பதைப் பாருங்கள். ரொட்டியின் உள்பகுதி மெல்ல மெல்லச் சூடேறுகிறது. 60 டிகிரிக்கு மேல் மாவுமணிகள் வெந்து வீங்கி, எந்த அமைலேஸுக்கும் எளிதான இரையாகின்றன. சரியாக அந்த நேரத்தில் பூஞ்சை நொதி செத்துப்போகிறது. சூடு தாங்கும் பாக்டீரியா அமைலேஸைப் போட்டிருந்தால் அது தொடர்ந்து வெட்டிக்கொண்டே போகும். அறுக்கும் கத்தியில் ஒட்டுகிற பிசுபிசுத்த ரொட்டிதான் கிடைக்கும். அறுவடை நேரத்தில் மழை பெய்து கதிரிலேயே முளைவிட்ட கோதுமையில் செய்த ரொட்டியும் இப்படித்தான் ஆகும், முளைத்த தானியத்தின் அமைலேஸும் கொஞ்சம் சூடு தாங்கக்கூடியது என்பதால். ரொட்டி காய்ந்து கெட்டிப்படாமல் நாள்பட இருக்க இப்போது சேர்க்கும் மால்டோஜெனிக் அமைலேஸ் பாக்டீரியாவிலிருந்து வருவது. அது வேறு வகை வெட்டு, அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

மாவு ஆலைக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மாவின் அமைலேஸ் அளவை அறிய உலகம் முழுக்கச் செய்வது ஃபாலிங் நம்பர் சோதனை. மாவுக் கரைசலை கொதிநீர்த் தொட்டியில் வைத்துக் கலக்கி, ஒரு தண்டு அந்தக் கூழுக்குள் இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுவார்கள். முளைத்த கோதுமையை அது உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் சேர்த்த பூஞ்சை நொதி அந்தச் சூட்டில் வேலை செய்வதற்குள் இறந்துவிடுவதால் எண்ணில் சரியாகத் தெரியாது. ‘நொதி போட்டோம், ஃபாலிங் நம்பர் இறங்கவே இல்லை’ என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. ரொட்டி சுட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

சர்க்கரையும் எத்தனாலும்

மாவுச்சத்தை அமிலத்தில் காய்ச்சினால் இனிக்கும் என்று 1811இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்ச்சாஃப் கண்டார். நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் கரும்புச் சர்க்கரை ஐரோப்பாவுக்கு வராமலிருந்த நேரம் அது. அமில முறை ஒன்றரை நூற்றாண்டு ஓடியது. ஆனால் அமிலம் குளுக்கோஸையும் விட்டுவைக்காது. நிறம், கசப்பு, உப்பு எல்லாம் சேரும். 1960களில் குளுக்கோஅமைலேஸ் வந்து அந்த முறையின் இடத்தைப் பிடித்தது.

இப்போதைய முறையில் மக்காச்சோள மாவுச்சத்தோ மரவள்ளி மாவுச்சத்தோ முதலில் 105 டிகிரி அளவில் நீராவியோடு கலந்து, சூடு தாங்கும் பாக்டீரியா அமைலேஸால் நீர்த்துப் போகிறது. பிறகு 60 டிகிரிக்கு ஆறவைத்து, பி.எச். 4.5 பக்கத்துக்குக் கொண்டுவந்து, குளுக்கோஅமைலேஸ் சேர்த்து ஒன்று முதல் மூன்று நாள் விடுகிறார்கள். 95 சதவீதத்துக்கு மேல் குளுக்கோஸ் கிடைக்கும். மருத்துவமனையில் ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ், சார்பிடால், வைட்டமின் சி எனப் பலவற்றுக்கும் தொடக்கம் இந்தக் குளுக்கோஸ். குளுக்கோஅமைலேஸுக்குப் பதில் கோஜி ஆல்ஃபா அமைலேஸைப் போட்டால் மால்டோஸ் மிகுந்த சிரப் வரும். மிட்டாய் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்காமல் இருக்க அது ஏற்றது.

இங்கேயும் ‘கூட வந்த’ நொதி ஒன்று தொல்லை கொடுத்தது. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையின் பழைய தயாரிப்புகளில் டிரான்ஸ்குளுக்கோசிடேஸ் கலந்திருந்தது. அது குளுக்கோஸை எடுத்து வேறிடத்தில் ஆல்ஃபா-1,6 இணைப்பாக ஒட்டி ஐசோமால்டோஸ் ஆக்கிவிடும். உடைத்ததை மறுபடி ஒட்டினால் விளைச்சல் குறையும், குளுக்கோஸ் படிகமாவதும் கெடும். அதை நீக்கவும், அதைச் சுரக்காத பூஞ்சை வகைகளைத் தேடவும் நிறுவனங்கள் நிறைய உழைத்தன. பிற்பாடு ஜப்பானில் அதே நொதியை வேண்டுமென்றே சேர்த்து ஐசோமால்டோ-ஒலிகோசாக்கரைடு என்ற இனிப்பைத் தயாரித்தார்கள். குடலின் நல்ல பாக்டீரியாவுக்கு உணவு என்று சொல்லி அது விற்கிறது.

இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு 2025இல் எட்டப்பட்டது. அதில் கரும்போடு மக்காச்சோளத்துக்கும் அரிசிக்கும் பெரிய பங்கு. தானிய எத்தனால் ஆலை ஒவ்வொன்றிலும் குளுக்கோஅமைலேஸ் இருக்கும். பல ஆலைகளில் அதை ஈஸ்ட்டோடு ஒரே தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். நொதி குளுக்கோஸை விடுவிக்க விடுவிக்க ஈஸ்ட் தின்றுவிடும். சர்க்கரை ஒரேயடியாகச் சேர்ந்து ஈஸ்ட்டைத் திணறடிக்காது. சாக்கே வடிப்பவர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததும் இதையே. கோஜியும் ஈஸ்ட்டும் ஒரே தொட்டியில் இருப்பதால்தான் வாலையில் வடிக்காமலே சாக்கேயில் ஆல்கஹால் 18, 20 சதவீதம் வரை ஏறுகிறது. தக்காமினே பியோரியாவில் காட்ட நினைத்த வழி, அவர் 1922இல் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, அதே இல்லினாயின் மக்காச்சோள எத்தனால் ஆலைகளில் வேறு பூஞ்சையோடு நிலைபெற்றுவிட்டது.

ஈரோட்டுப் பக்கத்து விசைத்தறித் துணியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியை நீக்கவும் அமைலேஸ் உதவும். ஆனால் அங்கே வெந்நீர் தாங்க வேண்டும் என்பதால் பாக்டீரியா நொதிக்கே முதலிடம்.

பொடிக்குள் மறைந்திருந்தவை

1957இல் சாட்டோ, எகாமி என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் தக்கா-டயஸ்டேஸ் பொடியிலிருந்து ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகளைப் பிரித்தார்கள். ஆர்.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, யு என்ற நான்கு ‘எழுத்துகள்’ கோர்த்த மரபு மூலக்கூறு. அவற்றுக்கு ஆர்.என்.ஏஸ் டி1, டி2 என்று பெயர். அந்த ‘டி’ தக்கா-டயஸ்டேஸைக் குறிக்கிறது. டி1க்கு ஓர் அபூர்வமான குணம் இருந்தது. ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வில் குவானின், அதாவது ஜி எழுத்து, இருக்கும் இடத்துக்கு அடுத்து மட்டும் வெட்டும், வேறெங்கும் தொடாது.

ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும் வழி அன்று யாரிடமும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹாலி, அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் ஈஸ்ட் ஆர்.என்.ஏ. ஒன்றை எடுத்துக்கொண்டார். சுமார் 140 கிலோ ஈஸ்ட்டிலிருந்து கடைசியில் கிடைத்தது ஒரு கிராம் சுத்தமான ஆர்.என்.ஏ. கணைய நொதி சி, யு எழுத்துகளுக்கு அடுத்து வெட்டும்; தக்கா நொதி ஜி எழுத்துக்கு அடுத்து வெட்டும். இரண்டு விதமாக வெட்டிய துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, 1965இல் 77 எழுத்துகளின் முழு வரிசையையும் அவர் குழு வெளியிட்டது. வரிசை முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் ஆர்.என்.ஏ. அது. 1968இல் ஹர் கோவிந்த் கொரானா, மார்ஷல் நிரன்பர்க் ஆகியோரோடு ஹாலிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதோடு நிற்கவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ், பல நுண்ணுயிர்களின் ரைபோசோமில் (செல்லில் புரதம் உருவாகும் இடம்) உள்ள ஆர்.என்.ஏ.வை டி1 கொண்டு துண்டாக்கி, துண்டுகளின் பட்டியலை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். மீத்தேன் விடும் சில நுண்ணுயிர்கள் பாக்டீரியாவோடும் சேரவில்லை, நம்மோடும் சேரவில்லை. 1977இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவற்றை உயிரினங்களின் தனிக் கிளையாக அறிவித்தார்கள். இன்று ஆர்க்கியா என்று பாடப்புத்தகத்தில் வருவது அதுதான். எஸ்1 நியூக்ளியேஸ் என்ற இன்னொரு நொதியும் இதே பொடியிலிருந்து 1966இல் ஆண்டோ பிரித்தது. இரட்டை இழையை விட்டுவிட்டு ஒற்றை இழையை மட்டும் அறுக்கும் அதை வைத்து, ஒரு ஆர்.என்.ஏ. மரபணுவின் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடம் போட பெர்க், ஷார்ப் இருவரும் 1977இல் வழி கண்டார்கள்.

வயிற்றுக் கோளாறுக்கு விற்ற ஒரு பொடி உயிரியலுக்கு இவ்வளவு கொடுத்தது. அது கலவையாக இருந்ததால்தான் கொடுத்தது. தொடக்கத்திலேயே நன்றாகச் சுத்திகரித்து விற்றிருந்தால் இந்த நொதிகள் தவிட்டுக் கழிவோடு போயிருக்கும். வேறு யாராவது, வேறெங்காவது, எப்போதாவது கண்டுபிடித்திருக்கலாம்.

வைட்டமின் பி1 பரிசோதனையும் இதே வகை. உணவில் பி1 பெருமளவு பாஸ்பேட்டோடு பிணைந்திருக்கும். பி1ஐ ஒளிரும் தயோக்குரோமாக மாற்றி அளக்கும் முறைக்கு முன்னால் அந்தப் பாஸ்பேட்டை நீக்க வேண்டும். உணவு ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக அதற்குத் தக்கா-டயஸ்டேஸைச் சேர்த்து மணிக்கணக்கில் கதகதப்பில் வைத்தன. மாவுச்சத்து உடைந்து சாறு தெளிவாவது உபரி நன்மைதான். உண்மையான வேலையைச் செய்வது பொடியில் கூட வந்த பாஸ்படேஸ். அதனால் ஒரு தொகுதிப் பொடியில் பாஸ்படேஸ் குறைந்தால், அமைலேஸ் எவ்வளவு இருந்தாலும் பி1 அளவு குறைவாகவே வரும்.

கணக்கைக் கெடுக்கும் இடம்

ஒரு மாவில் எவ்வளவு மாவுச்சத்து என்று அளக்க, அமைலேஸும் அமைலோகுளுக்கோசிடேஸும் சேர்த்து முழுவதையும் குளுக்கோஸ் ஆக்கி, குளுக்கோஸ் ஆக்சிடேஸ்-பெராக்சிடேஸ் கலவையில் வரும் இளஞ்சிவப்பை 510 நானோமீட்டரில் படிப்பார்கள். வந்த குளுக்கோஸை 0.9ஆல் பெருக்கினால் மாவுச்சத்து; ஒவ்வொரு இணைப்பும் உடையும்போது ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்துகொள்வதால் இந்தத் திருத்தம். கணக்கு எளியது, ஆனால் நொதிப் புட்டியில் நாரை உடைக்கும் செல்லுலேஸோ பீட்டா-குளுக்கனேஸோ கலந்திருந்தால் ஓட்ஸ், பார்லி போன்றவற்றின் நாரும் குளுக்கோஸாகி, மாவுச்சத்தாகக் கணக்கில் ஏறும். நார்ச்சத்தை அளக்கும் முறையிலும் இதே அமைலோகுளுக்கோசிடேஸ் உண்டு. அங்கே அதே கலப்பு நாரைத் தின்று நார்ச்சத்தைக் குறைத்துக் காட்டும். ஒரே மாசு ஒரு சோதனையில் எண்ணைக் கூட்டுகிறது, இன்னொன்றில் குறைக்கிறது. இரண்டையும் ஒரே ஆய்வகம் ஒரே புட்டியில் செய்தால் தவறுகள் ஒன்றையொன்று மறைத்து, கூட்டுத்தொகை சரியாக இருப்பது போலவே தெரியும். சிறுதானியங்களின் லேபிளில் அச்சாகும் எண்களுக்கும் இது பொருந்தும் என்பதால் இதைச் சாதாரணமாக விடக் கூடாது.

சாதம் எவ்வளவு வேகமாகச் செரிக்கிறது என்று குழாயில் பார்க்கும் சோதனைகளில் கணைய நொதியோடு அமைலோகுளுக்கோசிடேஸ் சேர்ப்பதற்குக் காரணம், கணைய அமைலேஸ் மால்டோஸ் போன்ற சிறு துண்டுகளோடு நின்றுவிடுவதுதான். நோய்க்குறியியல் ஆய்வகத்திலும் டயஸ்டேஸ் உண்டு. சர்க்கரைச் சேர்மங்களில் ஏறும் பி.ஏ.எஸ். என்ற சாயம் திசுச் சீவலில் ஏறிய இடம் கிளைக்கோஜனா (உடல் சேமித்து வைக்கும் குளுக்கோஸ் சங்கிலி; டயஸ்டேஸ் இதையும் உடைக்கும்) என்று பார்க்க, டயஸ்டேஸ் இட்ட இன்னொரு சீவலை ஒப்பிடுவார்கள். நிறம் மறைந்தால் அது கிளைக்கோஜன்.

அமைலேஸ் மரபணுவே இப்போது கருவியாகியிருக்கிறது. கோஜி அமைலேஸைப் பெருமளவில் சுரக்கவைக்கும் மரபணுத் தொடக்கப் பகுதியை வேறு மரபணுவின் முன்னால் பொருத்தினால், பூஞ்சை அந்தப் புரதத்தை லிட்டர் லிட்டராகச் சுரக்கும். 1988இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் இப்படித்தான் சலவைத்தூளுக்கான, கொழுப்பை உடைக்கும் லைபேஸை ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயில் தயாரித்துச் சந்தைக்கு விட்டது. பாலைத் திரிக்கும் கைமோசினை நைஜர் வகைப் பூஞ்சையில் சுரக்கவைக்க குளுக்கோஅமைலேஸ் மரபணு உதவியது.

பொடியைக் கையாள்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கோஜி அமைலேஸ் மூச்சில் போனால் ஒவ்வாமை தரும். ஒவ்வாமைப் பட்டியலில் அதற்கு ‘ஆஸ்ப் ஓ 21’ என்று பெயர். ரொட்டித் தொழிலாளர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்குக் கோதுமை மாவோடு இதுவும் ஒரு காரணம் என்பது உறுதியானது. நிறுவனங்கள் தூசு பறக்காத குருணையாகவும் திரவமாகவும் விற்கத் தொடங்கியது அதனால்தான். சிறு பேக்கரியில் இம்ப்ரூவர் பொடியை மூக்குக்கு நேரே கொட்டிக் கலக்குபவருக்கும், ஆய்வகத் தராசில் நொதித் தூள் நிறுக்கும் மாணவருக்கும் முகக்கவசம் வேண்டும்.

ஆய்வகத்துக்குப் புட்டி வாங்குபவர்கள் தொழிற்சாலைத் தர அமைலோகுளுக்கோசிடேஸை விலை குறைவென்று எடுப்பதற்கு முன் சில சோதனைகளைச் செய்துவிடலாம். மாதிரி இல்லாமல் நொதி மட்டும் போட்ட ஒரு வெற்றுக் குழாய். தொழிற்சாலைத் திரவங்களில் நிலைப்படுத்தச் சேர்த்த சர்க்கரை இருக்கக்கூடும், அது இதில் தெரிந்துவிடும். ஓட்ஸ், பார்லியின் நாரான பீட்டா-குளுக்கனைச் சுத்தமாகப் போட்ட ஒரு குழாய்; அதில் குளுக்கோஸ் வந்தால் அந்தப் புட்டி ஓட்ஸுக்கு ஆகாது. சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரை, போட்ட ஒரு குழாய். நைஜர் பூஞ்சை சுக்ரோஸை உடைக்கும் இன்வர்டேஸும் சுரக்கும் என்பதால், அதில் குளுக்கோஸ் வந்தால் மாதிரியை 80 சதவீத எத்தனாலில் கழுவி அதிலுள்ள சர்க்கரையை நீக்கிய பிறகே மாவுச்சத்தை அளக்க வேண்டும். கடைசியாக, தூய்மை தெரிந்த மாவுச்சத்துப் போட்ட ஒரு குழாய்; ஈரத்தைக் கழித்த பின் 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். புதிய தொகுதி வரும் ஒவ்வொரு முறையும் இந்த நான்கு குழாய்களையும் ஓட்டி, எண்களைப் புட்டியின் தொகுதி எண்ணோடு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.